விளையாட்டு யாருக்கு உரியது?

விளையாட்டு என்ற சொல்லை நம்மவர் இரண்டு விதமான மனநிலையோடு வழங்கி வருகின்றனர். "விளையாட்டாகச் சொன்னேன்" என்னும்போது அது பொருட்படுத்த வேண்டாத ஒன்று. "விளையாட்டில் தோற்றுவிட்டோம்" என்னும்போதோ ஊரே துக்கம் காக்கிறது. ஒரே சொல் அற்பத்தையும் மானத்தையும் ஒருங்கே சுமப்பதற்குக் காரணம் இல்லாமல் இராது. திருக்கோணமலைத் துறைமுகப் பகுதியிலே பிறந்து, அங்குள்ள பாடசாலைகளில் முப்பத்து மூன்று ஆண்டுகள் படிப்பித்து, அவற்றுட் பெரும்பகுதியில் மணி அடித்த பின்னர் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றவன் என்ற முறையில், இச்சொல்லைப் பற்றிச் சில கூற விரும்புகிறேன். உடற்பயிற்சி ஆசிரியர்கள் எழுதும் வழக்கமான கட்டுரைகளைப் போல "ஓடி விளையாடினால் உடல் உறுதிபெறும்" என்று தொடங்கி அதனோடே முடிக்க எனக்கு மனமில்லை. உடல் உறுதிபெறும் என்பது உண்மை. யாருடைய உடல், எந்த நேரத்தில், எந்த நிலத்தில் என்ற கேள்விகள் அதன்பின் நிற்கின்றன.

உப்புவெளிக் கரையிலோ நிலாவெளிக் கரையிலோ விடியற்பொழுதில் நிற்பவர் கரைவலை இழுப்பதைக் காணலாம். இருபது முப்பது பேர் இரண்டு வரிசையாகக் கயிற்றைப் பற்றி, குதிகாலை மணலிற் புதைத்து, உடலைப் பின்னே சாய்த்து, அம்பாப் பாட்டின் அடிக்கேற்ப ஒன்றாக இழுப்பார்கள். அதே ஊர்ப் பாடசாலையில் தை மாசி மாதங்களில் இல்ல மெய்வல்லுநர் போட்டி நடக்கும். அதிலே கயிறிழுத்தலும் உண்டு. 1900 முதல் 1920 வரை ஒலிம்பிக்கிற்கூட இடம்பெற்ற போட்டி அது. குதிகால் புதைவதும் உடல் சாய்வதும் இங்கும் அப்படியேதான். கரையில் இழுப்பவனை நாம் தொழிலாளி என்கிறோம்; மைதானத்தில் இழுப்பவனை வீரன் என்கிறோம். கரைவலைக் கயிற்றின் மறுமுனையில் மீன் இருக்கிறது. மீன் வராவிட்டால் அன்றைக்கு உலை இல்லை. வந்தாலும் சம்மாட்டியின் பங்கு போகத்தான் மிச்சம். கயிறிழுத்தலின் மறுமுனையில் இருப்பவன் நம்மைப் போன்ற மற்றொரு மனிதன். அவனை இழுத்துக்கொண்டு வந்தபின் அவனை வைத்துச் செய்வதற்கு ஒன்றுமில்லை, கைகொடுத்துவிட்டு வரவேண்டியதுதான்.

விளையாட்டின் இலக்கணம் இந்த இடத்திலேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். கனடாவில் தத்துவப் பேராசிரியராக இருந்த பேர்னாட் சூட்ஸ் 1978ஆம் ஆண்டு வெளியிட்ட நூலொன்றில் இதையே வேறுவிதமாக விளக்கினார். தேவையில்லாத தடைகளை விரும்பி ஏற்றுக்கொண்டு அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்பது அவர் கருத்தின் சாரம். கோல்ப் பந்தைக் குழிக்குள் இடுவதுதான் நோக்கமென்றால் கையால் எடுத்துச் சென்று போட்டுவிடலாம். வளைந்த கோலால் அடித்துத்தான் போடவேண்டும் என்று ஒருவன் தனக்குத்தானே விதி செய்துகொள்ளும்போது விளையாட்டுப் பிறக்கிறது. அழகான விளக்கம். ஆயின் பேராசிரியர்கள் செய்யும் விளக்கங்களிலே பெரும்பாலும் ஒன்று விடுபட்டுப் போகும். தேவையில்லாத தடையை ஒருவன் விரும்பி ஏற்க வேண்டுமாயின், விருப்பமில்லாமலே அவன்மேல் ஏற்றப்பட்ட தடைகளிலிருந்து சிறிது நேரமாவது அவனுக்கு விடுதலை இருக்கவேண்டும். பதினான்கு மணி நேரம் தறியின் முன் நின்ற இங்கிலாந்துத் தொழிலாளிக்கு உதைபந்தாட்டம் ஏது? 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளில் பெண்களையும் இளையோரையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலையிலிருந்து விடுவித்தது. அந்த அரைநாள் ஓய்வு படிப்படியாக மற்றைய தொழிலாளருக்கும் பரவிற்று. சனி பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கும் வழக்கம் அந்த ஓய்வின் பிள்ளை. ஓய்வும் போராடிப் பெறப்பட்ட பொருள் என்பதை விளையாட்டைப் போற்றுவோர் மறந்துவிடுகின்றனர்.

எங்கள் ஊருக்கு இவ்விளையாட்டுகளைக் கொண்டுவந்தவர்கள் கடற்படையினர். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் திருக்கோணமலையைக் கைப்பற்றிய பின்னர், இவ்வியற்கைத் துறைமுகம் கீழைக் கடல்களில் அவர்களுடைய பெருந் தளங்களுள் ஒன்றாயிற்று. மாதக்கணக்கில் கப்பலில் அடைபட்டுக் கிடந்த மாலுமிகளைக் கரையிலே சும்மா விட்டால் என்ன நடக்கும் என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். எனவே மைதானங்கள் வெட்டப்பட்டன. உதைபந்தும் துடுப்பாட்டமும் றக்பியும் கட்டளைபோல ஆடப்பட்டன. ஏகாதிபத்தியம் விளையாட்டை ஒழுங்குக்கு மருந்தாகத்தான் பயன்படுத்தியது. ஆனால் பந்து உருண்டையாக இருப்பதால் கொடுத்தவன் நினைத்த திசையில் மட்டும் அது உருள்வதில்லை.

என் தகப்பனார் கடற்படைத் தளத்தின் தச்சுப் பட்டறையில் வேலை செய்தவர். தளத்துத் தொழிலாளர் சேர்ந்து ஓர் உதைபந்தாட்ட அணி வைத்திருந்தனர். சில வேளைகளில் கப்பல் அணிகளோடு ஆட அழைக்கப்படுவார்கள். எதிர்த் தரப்பினர் சப்பாத்தோடும், இவர்கள் வெறுங்காலோடும். காற்பெருவிரல் நகம் பெயர்ந்த கதைகளை ஐயா சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் ஒன்றைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரித்ததில்லை. பட்டறையிலே தன்னை விரலைச் சொடுக்கிக் கூப்பிடும் வெள்ளைக்கார மேற்பார்வையாளன் ஒருவன் ஒரு மாலை ஆட்டத்தில் பந்தைக் கையாற் தட்டிவிட்டான். நடுவரும் வெள்ளைக்காரர்தான். அவர் விசிலை ஊதிப் பந்தை எடுத்து ஐயாவின் காலடியில் வைத்து, மேற்பார்வையாளனைப் பத்து யார் பின்னே போகச் சொன்னார். அவனும் போனான். "அவன் எனக்காகப் பின்னுக்கு நடந்ததை அண்டைக்குத்தான் கண்டனான்" என்பார் ஐயா. மறுநாட் காலை பட்டறையில் விரல் மீண்டும் சொடுக்கிற்று. அதிலே மாற்றமில்லை. ஆயினும் சமத்துவம் என்பது நடக்கக்கூடிய ஒன்றுதான் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. சுண்ணாம்புக் கோட்டுக்குள்ளே கண்டார். விளையாட்டால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று மாணவர்கள் கேட்கும்போது, நாடித்துடிப்பைப் பற்றியும் குருதி ஓட்டத்தைப் பற்றியும் சொல்வதற்கு முன் நான் இதைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். கோட்டுக்குள்ளே விதி எல்லார்க்கும் ஒன்று என்பதைக் கண்டவனுக்குக் கோட்டுக்கு வெளியே அது ஒன்றாக இல்லை என்பது உறைக்கத் தொடங்குகிறது. விளையாட்டு இதைச் செய்யாமல் நிற்கும் இடங்களும் உண்டு. அங்கே அது வெறும் மருந்துதான்.

1957ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆம் திகதி தளம் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. நாடு மகிழ்ந்தது, மகிழ வேண்டியதுதான். அந்த மகிழ்ச்சியின் அடியிலே நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலை இழந்து நின்றார்கள். அவர்களைப் பதவியாப் பகுதியிலே குடியேற்றும் யோசனை எழுந்தது. அதனைச் சாட்டாக வைத்து வடமத்திய பகுதிகளிற் கூட்டங்கள் திரண்டன. 1958 மே மாதம் 22ஆம் திகதி பொலன்னறுவைப் புகையிரத நிலையத்திலே தாக்குதல் தொடங்கியது. மே 27ஆம் திகதி அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. இவ்வரலாற்றை வாசகர்கள் அறிவர். அதே கிழமையில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது என்பதைப் பலர் சேர்த்து நினைப்பதில்லை.

மே 24ஆம் திகதி தோக்கியோவில் மூன்றாவது ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கியது. யாழ்ப்பாணத்துப் பெரியவிளானிற் பிறந்து, யாழ் மத்திய கல்லூரியிற் படித்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் இலங்கையின் சார்பில் உயரம் பாய்ந்தார். 1952இல் ஹெல்சிங்கியிலும் 1956இல் மெல்பேணிலும் ஒலிம்பிக்கிற் பங்குபற்றியவர். தோக்கியோவில் 2.03 மீற்றர் பாய்ந்து முதலிடம் பெற்றார். ஆசிய விளையாட்டு வரலாற்றில் இலங்கை பெற்ற முதலாவது தங்கப்பதக்கம் அதுதான். ஒரு தமிழ் இளைஞன் நாட்டின் பெயரை அத்தனை உயரத்துக்கு ஏற்றிய நாட்களில், அதே நாட்டின் தெருக்களில் தமிழர் என்பதற்காக மனிதர்கள் வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் கொண்டிருந்தார்கள். எனக்கு அப்பொழுது பத்து வயது. பத்திரிகைச் செய்தியை ஐயா வாசித்துக் காட்டிய நினைவு இருக்கிறது. வாசித்த பின் அவர் நீண்டநேரம் பேசவில்லை. அம்மாதான் கேட்டார்: "அந்தப் பிள்ளை இனி எப்பிடி ஊருக்கு வரும்? றெயில் ஓடேல்லையே."

விளையாட்டு இனங்களை ஒன்றாக்கும் என்பது மேடைகளில் விலைபோகும் வாசகம். பதக்கம் பெற்றவனை மூன்று நாள் நாட்டின் மைந்தன் என்று கொண்டாடுவதும், அவனுடைய மொழியைப் பேசுபவனை நாலாம் நாள் அந்நியன் என்பதும் ஒரே வாயால் முடிகிற காரியம். எதிர்வீரசிங்கம் 1962இல் ஜகார்த்தாவில் வெள்ளிப் பதக்கமும் பெற்றார். பின்னர் கல்வித்துறையில் உழைத்து 2024ஆம் ஆண்டு காலமானார். அவருடைய பாய்ச்சல் இனவெறியைக் குறைக்கவில்லை. குறைத்திருக்க வேண்டும் என்று ஒரு விளையாட்டு வீரனிடம் எதிர்பார்ப்பதும் நியாயமல்ல. அரசியல் செய்ய வேண்டிய வேலையை அரசியல் செய்யாமல் ஒருவனுடைய இரண்டு கால்களின்மேல் சுமத்துவது கோழைத்தனம்.

கொழும்பின் பழைய துடுப்பாட்டக் கழகங்களின் பெயர்களையே பாருங்கள்: சிங்கள விளையாட்டுக் கழகம், தமிழ் யூனியன், பறங்கியர் கழகம், முஸ்லிம்களுக்கென்று சோனகர் கழகம். முதலிரண்டும் 1899ஆம் ஆண்டிலேயே தோன்றியவை. இன்று அவற்றில் எல்லா இனத்தவரும் ஆடுகிறார்கள் என்பது மகிழ்ச்சிக்குரியது. பெயர்ப்பலகை மட்டும் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கொழும்பைக் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்கொள்ளவும் முடியாது. நம் கிராமங்களில் கழகத்தின் பெயரைச் சொன்னாலே எந்தக் குறிச்சி, எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று சொல்லிவிடலாம். மேற்கிந்தியத் தீவுகளின் மார்க்சிய எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸ் 1963இல் எழுதிய துடுப்பாட்ட நூலிலே, தம் இளமையில் திரினிடாட்டில் ஒவ்வொரு நிறத்தாருக்கும் ஒவ்வொரு கழகம் இருந்ததை விவரித்திருக்கிறார். அந்தப் பகுதியை நான் மாணவருக்கு வாசித்து விளக்கியபோது, கடைசி வாங்கிலிருந்து ஒரு பையன், "சேர், எங்கட ஊரைப் பற்றி அவருக்கு ஆர் சொன்னது?" என்றான்.

இதற்கு மறுபுறமும் உண்டு. மட்டக்களப்புப் பகுதியில் கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த கொம்புமுறி என்னும் விளையாட்டு வழங்கியது. வளைந்த வைரமான இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, ஊரார் வடசேரி தென்சேரி என்று பிரிந்து கயிறு கட்டி இழுப்பார்கள். ஒரு கொம்பு முறியும்வரை ஆட்டம். வென்றவர் தோற்றவரை வசைபாடலாம். அன்றைக்கு அது குற்றமில்லை. மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் அம்மனைக் குளிர்விக்க இதனை நடத்தினார்கள். சிங்களக் கிராமங்களிலும் இதே விளையாட்டு அங்கெலிய என்ற பெயரில், பத்தினித் தெய்வத்தின் பொருட்டு, உடுபில யடிபில என்ற இரு கட்சிகளாக நடந்து வந்திருக்கிறது. ஒரே கொம்பை இரண்டு மொழிக்காரரும் இழுத்திருக்கிறார்கள். ஊரை இரண்டாகப் பிரிப்பது வெறும் ஆட்டத்துக்காகத்தான் என்பதை அந்தக் கிராமத்தார் அறிந்திருந்தனர். கொம்பு முறிந்தபின் இரு சேரியாரும் ஒரே வயலுக்குத்தான் போகவேண்டும். பழமை என்பதற்காக நான் அதனைப் போற்றவில்லை. மழைக்கும் கொம்புக்கும் தொடர்பில்லை. ஆனால் அதிலே பார்வையாளன் என்று தனியாக ஒருவன் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர் முழுவதும் கயிற்றைப் பிடித்தது.

இன்று ஊர் முழுவதும் திரையைப் பார்க்கிறது. ஆடுபவர் இருபத்திரண்டு பேர், பார்ப்பவர் கோடிக்கணக்கானோர், இடையில் விளம்பரக்காரனும் சூதாடியும். ஆட்டநிர்ணய ஊழலைக் கடுங்குற்றமாக்கி 2019ஆம் ஆண்டு தனிச் சட்டமே இயற்ற வேண்டிய நிலைக்கு நாடு வந்தது. 2023 நவம்பரிலே நம் துடுப்பாட்டச் சபையைச் சர்வதேசச் சபை இடைநிறுத்தியதும், இரண்டு மாதங்களின் பின் அத்தடையை நீக்கியதும் எல்லார்க்கும் தெரிந்த கதை. பணம் புகுந்தால் விளையாட்டு கெடும் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவதோடு பலர் நின்றுவிடுகின்றனர். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, பணம் புகாத இடத்தில் விளையாட்டே இல்லாமற் போவதுதான். சீனன்குடாவில் விமானப்படை நடத்தும் கோல்ப் மைதானத்தின் புல் பசுமையாக இருக்கிறது. நான் படிப்பித்த பாடசாலைகளில் ஒன்றில் மைதானம் என்று சொல்லப்பட்ட நிலத்தில் மழைக்காலத்தில் எருமைகள் படுத்திருக்கும்.

பாடசாலைக்குள்ளே நடப்பதையும் சொல்லியாக வேண்டும். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்காக மூன்று கிழமை பாடம் நிற்கும். இல்ல அலங்காரத்துக்குக் கோட்டையும் கோபுரமும் கப்பலும் கட்டப்படும். பிரதம விருந்தினர் மாலையோடு வருவார். ஆயிரம் பிள்ளைகளில் ஓடுபவர் எண்பது பேர். மற்றவர்கள் வெயிலில் இருந்து கைதட்டுவார்கள். போட்டி முடிந்த மறுநாளிலிருந்து உடற்கல்விப் பாடவேளை கணித ஆசிரியருக்குப் போய்விடும். சாதாரண தரப் பரீட்சை வருகிறதல்லவா! பின்னேரம் ரியூட்டரி. வேகமாக ஓடக்கூடியவனைத் தேடிப்பிடிப்பதற்கே நாம் விளையாட்டை வைத்திருக்கிறோம். மெதுவாக ஓடுபவனுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை என்பதை ஆசிரியர் கூட்டங்களில் பலமுறை கூறியிருக்கிறேன். பதக்கப் பட்டியலில் அதற்கு இடமில்லை என்று பதில் வரும்.

மெதுவாக ஓடுபவருள்ளும் ஓடவே விடப்படாதவர்கள் பெண்பிள்ளைகள். திருக்கோணமலை மூன்று பக்கமும் நீர் சூழ்ந்த ஊர். உட்துறைமுகம், கொட்டியாரக் குடா, ஒல்லாந்தர் குடா, கிண்ணியாவின் களப்பு என்று எங்கு திரும்பினாலும் தண்ணீர். ஆண்பிள்ளைகள் ஏழு வயதிலே தாமாகவே நீந்தப் பழகிவிடுவார்கள். பெண்பிள்ளைகள் கரையில் நின்று சகோதரனின் சட்டையைக் காவல் காப்பார்கள். 1990களின் நடுப்பகுதியில், நான் அப்போது படிப்பித்த பாடசாலையில், ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நால்வர் தங்களுக்கும் நீச்சல் வேண்டும் என்று எழுத்தில் விண்ணப்பம் தந்தனர். நான் அதனை நிருவாகத்திடம் கொண்டுபோனேன். உடை என்ன, பார்ப்பவர் யார், பெற்றோர் என்ன சொல்வர் என்று மூன்று கேள்விகள் வந்தன. நான்காவதாக, "மாகாணப் போட்டியில் பெண்கள் நீச்சலுக்கு நாங்கள் அனுப்புவதில்லையே, பிறகேன்?" என்ற கேள்வியும் வந்தது. போட்டி இல்லையேல் விளையாட்டு இல்லை என்ற இந்த நான்காவது கேள்விதான் என்னை அதிகம் வருத்தியது. விண்ணப்பம் கோப்பிற் போடப்பட்டது.

2004 டிசெம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. அடுத்த மார்ச்சிலே ஒக்ஸ்பாம் நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, அலைக்குப் பலியானோரிற் பல இடங்களில் பெண்களே மிக அதிகம் என்று காட்டியது. தமிழ்நாட்டின் கடலூரில் இறந்த ஆண்கள் 146 பேர். பெண்கள் 391 பேர். இலங்கையைப் பற்றி அவ்வறிக்கை குறிப்பிட்ட காரணங்களில் ஒன்று, நீந்தவும் மரமேறவும் ஆண்பிள்ளைகளே பெரும்பாலும் பழக்கப்படுகிறார்கள் என்பது. அலையின் சுவருக்கு முன்னே நீச்சற்காரனும் துரும்புதான் என்று சிலர் வாதிடக்கூடும். முதல் அலைக்கு அது பொருந்தும். அலை வடிந்த பின் இடுப்பளவு, கழுத்தளவு நீரில் அரைமணி நேரம் மிதக்கத் தெரிந்தவர் தப்பினார், தெரியாதவர் தப்பவில்லை. எங்கள் கரையில் நான் கண்டது இது. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் திருத்தப்படுவதால் மக்களை ஏற்றி இறக்கிய படகுப் பாதை கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட சிறுவர்களும் மாண்டனர். பாதுகாப்பில்லாத பாதையை ஓடவிட்டவர்களின் பொறுப்பை நீச்சல் தெரியாத குழந்தைகளின்மேல் யாரும் போடக்கூடாது. அதே வேளையில், களப்பின் கரையிலே வாழும் பிள்ளைக்குக் களப்பைக் கற்பிக்காத கல்வியையும் கேள்வி கேட்காமல் விட முடியாது.

விண்ணப்பம் தந்த நால்வருள் ஒருத்தி இப்போது ஆசிரியை. சில ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில், ஆழமில்லாத ஒரு குடாவிலே, அயலிலுள்ள பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குகிறாள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் வருகிறார்கள். முழங்கால் மறைக்கும் உடையோடு சிலர், தலையை மூடிக்கொண்டு சிலர். தொடக்கத்திலே தாய்மார்களைக் கூட்டிப் பேசியபோது நானும் ஒரு மூலையில் இருந்தேன். ஒரு தாய் எழுந்து, "ரீச்சர், இதில மகளுக்குச் சேட்டிபிக்கற் ஏதும் கிடைக்குமோ?" என்று கேட்டார். இல்லை என்றாள். "கப்?" அதுவும் இல்லை என்றாள். "அப்ப போட்டி?" போட்டியும் இல்லை, பத்து நிமிடம் மிதக்கப் பழக்குவேன், பிறகு அவர்கள் தண்ணீரில் விருப்பம்போல் விளையாடலாம் என்றாள். கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தனர். அடுத்த ஞாயிறு ஒன்பது பிள்ளைகள் வந்தார்கள். கேள்வி கேட்ட தாயின் மகளும் அவர்களுள் ஒருத்தி; தாயும் கூடவே வந்து, முழங்காலளவு நீரில் இறங்கி நின்றிருந்தார்.